கினிப்பன்றியின் சிறுநீரில் ரத்தமா? மருந்துக்கு முன் எக்ஸ்ரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி எழுதும்போது கினிப்பன்றிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். நாய்க்கும் பூனைக்கும் சொல்லப்படும் வைத்தியத்தை அளவு குறைத்து இதற்கும் கொடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் அதிகம் பாதிக்கப்படுவது இதன் சிறுநீர்ப்பைதான். சிறுநீரில் ரத்தம் தெரிந்ததும் கிருமித் தொற்று என்று முடிவு கட்டி ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். நாலைந்து நாளில் ரத்தம் நின்றுவிடும், நோய் போய்விட்டது என்ற நிம்மதி வரும். சில வாரங்களில் ரத்தம் திரும்பி வரும்போது உள்ளே இருந்த கல் பெரிதாகியிருக்கும்.

நலமாக இருக்கும் கினிப்பன்றியின் சிறுநீர் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெளிந்த நீர் போல இருக்காது. லேசாகக் கலங்கித்தான் இருக்கும். காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 8 முதல் 9 வரை. உணவில் தேவைக்கு மேல் வரும் கால்சியம் சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், காய்ந்த இடத்தில் மாவு தூவியது போல வெள்ளைப் படிவு இருப்பது இயல்பு. அதை இரு விரல்களுக்கு இடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பவுடர் போல இருந்தால் கவலை இல்லை. மணல் போல நறநறத்தால் பையில் கால்சியம் சேறாகத் தேங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நிறமும் ஏமாற்றும். சிறுநீரில் உள்ள நிறமிகள் காற்றுப் பட்டதும் ஆரஞ்சாகவோ செம்பழுப்பாகவோ மாறுவது உண்டு. பீட்ரூட் தின்ற பிறகும் சிவக்கும். ஆகவே சிவப்பைக் கண்டதும் பதற வேண்டியதில்லை, அலட்சியமாகவும் விடக்கூடாது. கூண்டில் வெள்ளைத் துணியோ அச்சில்லாத வெள்ளைத் தாளோ விரித்து, ஈரம் காய்வதற்குள் பாருங்கள். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை அந்தப் புதுச் சிறுநீரில் தொட்டால் ரத்தமா நிறமியா என்று தெரிந்துவிடும். ரத்தம் என்றால் அதே நாளில் மருத்துவரிடம் போக வேண்டும்.

கினிப்பன்றி வலியை மறைக்கும் விலங்கு. ஆனாலும் சிறுநீர் கழிக்கும்போதோ புழுக்கை போடும்போதோ கீச்சிட்டால், முதுகைக் கூனிக்கொண்டு முக்கினால், சொட்டுச் சொட்டாக அடிக்கடி போனால், பின்புறம் எப்போதும் நனைந்து நாறினால், சிறுநீர்ப்பையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவை தெரிவதற்கு முன்பே எடை குறையத் தொடங்கியிருக்கும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை, நோய் வந்துவிட்டால் தினமும், ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு கிலோ எடையுள்ள பிராணி 50 கிராம் இழந்தால் காரணம் தேட வேண்டும்; 100 கிராம் இழந்தால் காத்திருக்கக் கூடாது.

இனி எக்ஸ்ரே. கினிப்பன்றிக்கு வரும் கற்களில் மிகப் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட். இவை எக்ஸ்ரேயில் எலும்பைப் போலப் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இவ்வளவு எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய கல்லைத் தேடாமல் மருந்து கொடுப்பதற்கு நியாயமே இல்லை. படத்தை மல்லாந்த நிலையில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டாக எடுக்க வேண்டும். ஒன்றில் குடலில் உள்ள வாயுவும் புழுக்கையும் கல்லை மறைத்துவிடலாம். இன்னொன்றை வளர்ப்பவரே கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது: படம் உடலின் பின்முனை வரை விழுந்திருக்கிறதா? பையை விட்டு இறங்கிய கல், சிறுநீர் வெளியேறும் குழாயில், இடுப்பெலும்புக்கும் பின்னால், சிக்கி நிற்பது உண்டு. வயிற்றோடு நிறுத்திய படத்தில் அது விழாது. "கல் இல்லை" என்ற தவறான பதிலோடு வீடு திரும்ப நேரும்.

பெண் விலங்கானால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் வேண்டும். கருப்பை நோயால் வரும் ரத்தம் சிறுநீரோடு கலந்து, பையிலிருந்து வருவது போலவே தோன்றும். வயது ஏறிய பெண் கினிப்பன்றிகளில் சினைப்பை நீர்க்கட்டிகள் மிகச் சாதாரணம், கருப்பைக் கோளாறும் கூடவே வரலாம். அதற்கு எத்தனை நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பயன் இல்லை.

தொற்று தனியாகவும் வரும், கல்லோடு சேர்ந்தும் வரும். பெண்ணுக்குச் சிறுநீர்த் துவாரம் ஆசனவாய்க்கு மிக அருகில் இருப்பதால் ஈ.கோலை போன்ற குடல் கிருமிகள் எளிதில் ஏறிவிடுகின்றன. எந்தக் கிருமி என்று அறிய, சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்ய வேண்டும். கூண்டுத் தரையிலிருந்து உறிஞ்சிய சிறுநீர் அதற்கு உதவாது. அதில் தரையின் கிருமியும் வளரும். ஸ்கேன் பார்த்தபடி வயிற்றின் வழியே மெல்லிய ஊசியால் பையிலிருந்து நேரடியாக எடுப்பதுதான் நம்பகமானது. கோரினிபாக்டீரியம் போன்ற சில கிருமிகள் மெதுவாக வளர்பவை என்பதால், ஒரே நாளில் "வளர்ச்சி இல்லை" என்று கல்ச்சரை மூடிவிடாமல் கூடுதல் நாள் வைத்துப் பார்க்கும்படி ஆய்வகத்திடம் சொல்ல வேண்டும்.

மருந்தில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. தயவுசெய்து இந்தப் பகுதியைச் சுருக்காமல் வெளியிடுங்கள். பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்ஸிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றைக் கினிப்பன்றிக்கு வாய்வழி கொடுக்கக் கூடாது. இதன் பெருங்குடல் முன்பகுதியில் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மேலே சொன்ன மருந்துகள் அவற்றை அழித்துவிடும். அந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் இனக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். வயிற்றுப்போக்கு தொடங்கிச் சில நாட்களிலேயே விலங்கு இறந்துவிடக்கூடும். மனிதர்களுக்கும் நாய்களுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கு அமாக்ஸிசிலின் சாதாரணமாக எழுதப்படுவதால்தான் இந்த விபத்து திரும்பத் திரும்ப நடக்கிறது. வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

தாங்கக்கூடிய மருந்துகளில் ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா கலவையும் என்ரோஃபிளாக்ஸசினும் முதன்மையானவை. முதலாவது பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம், இரண்டாவது 5 முதல் 10 மில்லிகிராம், இரண்டுமே 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படுகின்றன. இந்த அளவை இங்கே சொல்வது, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக. வளர்ப்பவர் தாமாகத் தொடங்குவதற்கு அல்ல. என்ரோஃபிளாக்ஸசின் வளரும் குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பைப் பாதிக்கலாம். அதைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டால் அந்த இடம் புண்ணாகி அழுகுவதும் உண்டு; வாய்வழித் திரவமே மேல். சிகிச்சை பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரம் நீளும். ரத்தம் நின்றதும் நிறுத்திவிட்டால் மிஞ்சிய கிருமி மீண்டும் பெருகும்.

கல்ச்சரில் கிருமி வளராமல், படத்தில் கல்லும் தெரியாமல், பை மட்டும் அழன்று ரத்தம் வருவதும் உண்டு. அங்கே வலியையும் அழற்சியையும் தணிக்கும் மெலாக்ஸிகாமும் நிறைய நீரும்தான் வைத்தியம். மெலாக்ஸிகாமை உடலில் நீர் வற்றிய நிலையில் கொடுத்தால் சிறுநீரகம் கெடும். ஆகவே தேவைப்பட்டால் தோலுக்கடியில் சலைன் ஏற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

கல் உறுதியானால் வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது, "மருந்தில் கரையாதா?" என்பதுதான். கரையாது. பூனை, நாய்களின் சில வகைக் கற்களைச் சிறப்புணவால் கரைக்கலாம். கினிப்பன்றியின் கால்சியம் கார்பனேட்டுக்கு அந்த வழி இல்லை. சிறுநீரை அமிலமாக்க முயல்வதும் வீண், தாவரம் தின்னும் இந்த உடல் தன் காரத்தன்மையை விட்டுக்கொடுக்காது. கிரான்பெர்ரிச் சாறு சர்க்கரையை மட்டுமே சேர்க்கும்.

பெண்ணுக்குக் குழாய் குட்டை, விரிந்தும் கொடுக்கும். துவாரத்துக்கு அருகில் வந்து நிற்கும் கல்லை மயக்கம் கொடுத்து, வழவழப்பூட்டி, இடுக்கியால் எடுத்துவிட முடியும். ஆணுக்குக் குழாய் நீளமும் குறுகலும் ஆனதால் அடைப்பு ஏற்படும் ஆபத்து மிக அதிகம். பலமுறை முக்கியும் ஒரு சொட்டும் வராமல், அடிவயிறு பந்து போல இறுகியிருந்தால், இரவானாலும் அவசர மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேங்கிய சிறுநீர் சிறுநீரகத்தைச் சீக்கிரமே பாழாக்கும். பை கிழியவும் கூடும். வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

பைக்குள் இருக்கும் கல்லை அறுவை சிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். சேறு மட்டும் இருந்தால் மயக்கத்தில் மெல்லிய குழாய் செலுத்தி, சலைன் விட்டுக் கழுவி எடுப்பார்கள். அறுவைக்கு முன் நாயைப் போலக் கினிப்பன்றியைப் பட்டினி போடக் கூடாது. இதற்கு வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றுவிட்டால்தான் ஆபத்து. மயக்கத்துக்குச் சற்று முன் வாயில் மிச்சமிருக்கும் உணவைக் கழுவி எடுத்தால் போதும். கல்லை எடுத்ததும், விலங்கு மயக்கத்தில் இருக்கும்போதே இன்னொரு எக்ஸ்ரே எடுத்து ஒரு துணுக்கும் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எடுத்த கல்லைப் பகுப்பாய்வுக்கும், பைச்சுவரின் ஒரு சிறு துண்டைக் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு உணவுதான் உயிர். வலி இருந்தால் தின்னாது. தின்னாமல் 12 மணி நேரம் கடந்தால் குடல் மந்தமாகும், ஒரு நாள் தாண்டினால் கல்லீரலும் கெடத் தொடங்கும். ஆகவே வலி மருந்தை ஒரு வேளையும் தவறவிடாமல் கொடுங்கள். தாவர உண்ணிகளுக்கான நார்ச்சத்து மாவைக் கூழாகக் கரைத்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஒவ்வொரு வாயும் மென்று விழுங்கிய பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி வரை, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். புழுக்கையின் எண்ணிக்கையும் பருமனும் குறைகிறதா என்று தினமும் பாருங்கள்.

திரும்பக் கல் வராமல் தடுப்பது எளிதல்ல. ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. திமோதி போன்ற புல்வகையின் உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். அல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசாலில் கால்சியம் அதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும், சினையாகவோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும் தாய்க்கும் மட்டுமே அது ஏற்றது. திமோதியை அடிப்படையாகக் கொண்ட பெல்லட் (குச்சி வடிவில் அழுத்திய தீவனம்) நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். பார்ஸ்லி, கேல், பசலைக்கீரை எப்போதாவது ஒரு துளி. லெட்டூஸ், குடைமிளகாய், வெள்ளரி தினமும். காய்களைக் கழுவி ஈரத்தோடு அப்படியே வைத்தால் நீரும் சேர்ந்து உள்ளே போகும். உப்புக்கட்டி, தாதுக்கட்டி எதையும் கூண்டில் தொங்கவிட வேண்டாம். அதற்காகக் கால்சியத்தை அறவே நீக்குவதும் தவறு, எலும்பும் பல்லும் கெடும்.

வைட்டமின் சி கினிப்பன்றியின் உடலில் உற்பத்தியாவதில்லை. நலமாக இருக்கும்போது கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோயின்போது 50 வரை. அதை வாயில் நேரடியாகக் கொடுங்கள். தண்ணீரில் கலந்தால் சத்து சீக்கிரம் அழியும், சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். பல சத்துக்கள் கலந்த சொட்டு மருந்து வேண்டாம்; அதிலுள்ள வைட்டமின் டி கால்சியத்தை மேலும் உறிஞ்சச் செய்யும்.

தண்ணீர் பற்றி ஒன்று. கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 மில்லி இதன் தேவை. புட்டியின் முனையில் உள்ள உருளை சிக்கிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் தண்ணீர் வராமல் போனதை யாரும் கவனிக்காமல் இருப்பது அடிக்கடி நடக்கிறது. தினமும் விரலால் தட்டிச் சோதியுங்கள். கூடவே கனமான கிண்ணத்திலும் வையுங்கள். ஓட இடம் கொடுங்கள். உட்கார்ந்தே இருக்கும் பருத்த விலங்கின் பையில்தான் சேறு சுலபமாகத் தங்குகிறது. ஈரமான படுக்கையை அன்றன்றே மாற்றுங்கள். சிறுநீர் பட்டுத் தோல் சிவந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுவதும் துடைத்து உலர்த்த வேண்டும்.

ஒருமுறை கல் வந்த விலங்குக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கல் சிறியதாக இருக்கும்போது தெரிந்தால் மருத்துவரிடம் தேர்ந்தெடுக்க வழிகள் இருக்கும். தங்கள் நாளிதழில் கினிப்பன்றி வளர்ப்பைப் பற்றி எழுதும்போதெல்லாம், கொடுக்கக் கூடாத அந்த ஆறு மருந்துகளின் பெயரைக் கட்டம் கட்டிப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கினிப்பன்றி நலனில் அக்கறை கொண்ட வாசகர்