காற்றடைத்த கல்லும் உளுந்து மாவும்

அன்பு மாப்ள,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று நீ எழுதியதைப் படித்ததும்தான் நிம்மதி. இங்கே சின்னவளைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று, விடுதிச் சாப்பாட்டைப் பற்றித் தினமும் புலம்பல்.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கையில் எடுத்தால் கனமே இல்லாத ஏஏசி பிளாக்கை, அதாவது காற்றுக் குமிழிகள் நிறைந்த கான்கிரீட் கல்லை நம்பிச் சுவர் எழுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தூணும் பீமும் போட்டுத்தானே கட்டுகிறாய், வீட்டின் பாரத்தை அவை தாங்கிக்கொள்ளும், அப்படியென்றால் தாராளமாகக் கட்டு. 1920களில் சுவீடனில் யோஹான் எரிக்சன் என்ற கட்டிடக் கலைஞர் உருவாக்கிய சரக்கு அது. சிமென்ட், சுண்ணாம்பு, நிலக்கரிச் சாம்பல் எல்லாம் தண்ணீரில் குழைத்து அதில் துளியளவு அலுமினியத் தூள் போடுவார்கள். அது சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விட, கலவை அச்சுக்குள்ளேயே பொங்கி எழும். பாதி இறுகியதும் கம்பியால் அறுத்து, 180 டிகிரிக்கு மேல் அழுத்த நீராவியில் மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். ஹைட்ரஜன் வெளியேறிவிடும், அந்தக் குமிழிகளில் காற்று நிற்கும்.

நம் வீட்டு இட்லியும் இதே வழிதான். மாவில் இருக்கும் பாக்டீரியா இரவெல்லாம் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, உளுந்தின் பசை அதைப் பிடித்து வைக்கிறது, நீராவி அந்த வடிவத்தை நிலைக்கச் செய்கிறது. உளுந்து குறைந்தால் எவ்வளவு புளித்தாலும் இட்லி கல்லாகத்தான் வரும், ஏனென்றால் வாயுவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை. மெதுவடை வேறு வகை. அங்கே புளிக்க நேரமே கிடையாது, கையால் அடித்து அடித்துத்தான் காற்றை ஏற்ற வேண்டும், ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று அம்மா பார்ப்பாரே, அது அடர்த்திச் சோதனைதான்!

கடைக்காரர் விலை குறைவு என்று சிஎல்சி பிளாக்கைக் காட்டினால் இந்த வடையை நினைத்துக்கொள். தனியாக நுரை தயாரித்துக் கலவையில் சேர்ப்பது அது. பெரும்பாலும் அழுத்த நீராவியில் வேகாததால் காயும்போது கூடுதலாகச் சுருங்கும், விரிசல் வர வாய்ப்பு அதிகம். நான் ஏஏசி பக்கம்தான்.

கன மீட்டருக்கு 550 முதல் 650 கிலோ எடையுள்ளதாகக் கேட்டு வாங்கு. அந்த ரகம் சதுர மில்லிமீட்டருக்கு 3, 4 நியூட்டன் தாங்கும், செங்கல் சுவரில் பாதி எடைகூட வராது. குமிழிக் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது, மேற்குச் சுவருக்கு உன் ஊர் வெயிலில் இதைவிட நல்லது வேறென்ன? ஆனால் கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல், செங்கலைப் போல ஊறவைக்கக் கூடாது, மேலே லேசாக நனைத்தால் போதும். கற்களை ஒட்ட அதற்கென்றே வரும் பசையை மெல்லியதாக வைக்கச் சொல். டிவி, சமையலறை அலமாரி மாட்டும் இடங்களில் சாதாரண ஆணி நிற்காது, காற்றுக்கல்லுக்கான பிளக் வேண்டும். குளியலறைச் சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே.

அப்புறம், ஐஸ்கிரீமிலும் காற்றை அடித்துத்தான் ஏற்றுகிறார்கள், பேத்திக்கு வாங்கும்போது லிட்டரோடு கிராமையும் பார். லிட்டருக்குக் குறைந்தது 525 கிராம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி, அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறது என்பது அட்டையிலேயே தெரிந்துவிடும். குல்ஃபியைக் கடைவதில்லை, அதனால்தான் அவ்வளவு அடர்த்தி.

இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தை அனுப்பு, ஜன்னல் மேல் லிண்டல் எப்படிப் போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். நிலை வைக்கும் தேதி முடிவானதும் சொல், இருவரும் வந்துவிடுகிறோம்.