போதகர்கள் இளைப்பாற வழிவிட்டவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சேகரத்துச் சபையாருக்கும், போதகருக்குத் துணைநிற்கும் உபதேசியார்களுக்கும், ஓய்வுபெற்ற குருவானவர்களுக்கும், போதகர்களின் துணைவியரான ஐயரம்மாமார்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஈஸ்டர் திங்கள் தொடங்கி அடுத்த திங்கள் வரை நடந்த போதகர் தியான முகாம் தேவகிருபையால் நல்லபடி நிறைவேறியது. தவக்காலம், பரிசுத்த வாரம், ஈஸ்டர் அதிகாலை ஆராதனை எல்லாம் முடிந்து குரலும் உடம்பும் ஓய்ந்திருக்கும் வாரம் அது. தள்ளிப்போட்டால் மே மாதத்துக் கல்யாணங்களும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் வந்துவிடும்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற குருவானவர்களுக்கு. எங்கே ஒரு சாவு விழுந்து ஆள் வருமோ என்ற நினைப்பு இருக்கும்வரை போதகருக்குத் தூக்கம் பிடிக்காது. ஒவ்வொரு சேகரத்திலும் அடக்க ஆராதனைக்கு ஒருவர், அவருக்கு முடியாவிட்டால் இன்னொருவர் என்று இரண்டு பெயர்களை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டவைத்தீர்கள். ஞாயிறு திருவிருந்தையும் ஏற்றுக்கொண்டீர்கள். அதனால்தான் வருஷம் முழுவதும் அப்பமும் ரசமும் கொடுக்கிறவர்கள் அந்த ஒரு ஞாயிறாவது மற்றவர் கையிலிருந்து வாங்க முடிந்தது. வீட்டு ஜெபங்களையும் வியாதியஸ்தர் சந்திப்பையும் உபதேசியார்கள் விடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சேகரச் செயலர்கள் போதகர்களின் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது பேருதவி. சத்தத்தை மட்டும் நிறுத்திவைத்தால் போதாது. சாப்பாட்டு வேளையில் எடுத்துப் பார்ப்பார்கள், மனசு சேகரத்துக்குத் திரும்பிவிடும். போதகர் வீடான குருமனையிலிருந்து அவசரத்துக்கு அழைக்க முகாமில் ஒரு எண் இருந்தது, அது போதும்.

1921-ல் திருப்பத்தூரில் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் எளிமையை மனதில் வைத்துத்தான் இடத்தை ஒழுங்குசெய்தோம்: தரையில் பாய், சைவச் சாப்பாடு, ஒலிபெருக்கி இல்லாத கீர்த்தனை. சமையல் செய்த அம்மாக்களுக்குத் தனி நன்றி. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்காக மணி தவறாமல் பரிமாறினீர்கள். வீடு வீடாகக் காபி குடித்துப் பழகியவர்கள் சட்டென்று நிறுத்தினால் தலைவலியில் படுத்துவிடுவார்கள் என்று அறிந்து, காலையும் மாலையும் ஒவ்வொரு டம்ளர் கொடுத்தீர்கள்.

முதல் இரண்டு நாள் நிகழ்ச்சியே வைக்கவில்லை. களைத்துச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தரின் மெல்லிய சத்தம் கேட்டது அதற்குப் பிறகுதான். பேச வரவேண்டிய நேரத்தை விட்டுக்கொடுத்த பிரசங்கிகள் இதைப் புரிந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள் முதல் காலையில் ஒரே ஒரு சங்கீதம். மெதுவாக மூன்று முறை வாசித்து, ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் பத்து நிமிஷம் மௌனம். பேனா, நோட்டு கிடையாது. கையில் பேனா இருந்தால் வேதவசனம் அடுத்த வாரப் பிரசங்கத்துக்கு மூன்று குறிப்பாகிவிடும், தன் ஆத்துமாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. 42, 88, 130 ஆகிய சங்கீதங்களை எடுத்தோம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. களைத்தவரை அவசரமாக அல்லேலூயா சொல்லவைக்காமல் அப்படியே இருக்கவிட்டது நல்லதாயிற்று.

மாலையில் தனித்தனியே செவிகொடுக்க வேறு திருமண்டலங்களிலிருந்து வந்த மூத்தவர்களுக்கும், முகாம் பக்கமே வராமல் பெருந்தன்மையாக விலகி நின்ற நிர்வாகத்தாருக்கும் நன்றி. மாற்றல் போடுகிற அதிகாரம் உள்ளவர் எதிரே உட்கார்ந்தால் எந்தப் போதகரும் மனம் திறக்கமாட்டார்.

உடனிருந்த மருத்துவர் தெளிவாக ஒன்றைச் சொன்னார்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் சிகிச்சை தேட வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம்.

குருமனை வாசலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அனுப்பிய ஐயரம்மாமார்களே, உங்களுக்கு இப்படியொரு வாரம் இன்னும் கிடைக்கவில்லை. அது எங்கள்மேல் உள்ள கடன். அடுத்த ஏற்பாடு உங்களுக்கே.

சேகரக் கமிட்டியாருக்கு ஒரு விண்ணப்பம். பலகையில் ஒட்டிய பெயர்ப் பட்டியலை எடுத்துவிட வேண்டாம். வாரந்தோறும் திங்கட்கிழமை போதகருக்கு ஓய்வு என்று தீர்மானம் எழுதி, அன்றைக்கும் அதே இருவரை அழையுங்கள்.

இப்படிக்கு,
தியான முகாம் குழுவினர்