கண்மாய்க் கரைக்குத் தார் வேண்டாம், கிராவல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி என்று போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பள்ளிக்கூட நேரத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பிள்ளைகள் பின்னால் ஹாரன் கேட்டதும் தாரை விட்டு மண்ணில் இறங்குவார்கள், வண்டி கடந்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தடுமாறி மேலே ஏறுவார்கள், அதற்குள் அடுத்த வேன் வந்துவிடும், மறுபடி இறக்கம். ராமேஸ்வரம் போகிற தேசிய நெடுஞ்சாலையிலும் இதே பாடுதான். பிளஸ் 1 சேர்ந்தால் சைக்கிள் கிடைத்துவிடுகிறது, அதைப் பயமில்லாமல் ஓட்ட ஒரு தடம் இத்தனை வருஷமாகியும் கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் தடம் நம் கண் முன்னால்தான் கிடக்கிறது. இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாய் (பாசன ஏரி) இல்லாத ஊர் ஏது? கண்மாய்க்கு ஒரு கரை, கரை முடிகிற இடத்தில் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், அதன் ஓரமாகவே போனால் அடுத்த ஊர்க் கண்மாய், கடல் நெருங்க நெருங்க உப்பளப் பாத்திகளுக்கு நடுவே ஒரு வண்டித்தடம், அப்புறம் உப்பங்கழி. மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் பிள்ளைமடம் காயலையும் காரங்காட்டு அலையாத்திக் காட்டையும் காரில் போகிறவர்கள் பார்க்கவே முடியாத பக்கத்திலிருந்து பார்க்கலாம். இந்தக் கரைகளில் கிராவல் மட்டும் அடித்து, காரும் லாரியும் நுழையாதபடி இரண்டு முனையிலும் கல் நட்டு, சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

கிராம சபைகளில் கரைக்குத் தார்ச்சாலை கேட்கிறார்கள், எனக்கும் தெரியும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐப்பசி மழையில் களிமண் கரையில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண் மட்கார்டுக்குள் அடைத்து சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், அப்புறம் சைக்கிளைத் தோளில்தான் தூக்க வேண்டும். ஆனால் அதற்கு மருந்து தார் இல்லை. தார் போட்ட மறுநாளே குறுக்கு வழி என்று லாரி வரும், வேகம் வரும், பிள்ளைகள் திரும்பவும் ஓரத்து மண்ணுக்குத் தள்ளப்படுவார்கள். கரை என்பது வருஷா வருஷம் மண் அணைக்க வேண்டிய ஒன்று, கோடையில் களிமண் வெடிக்கும், மழையில் ஊறும், அதன் மேல் தார் எத்தனை நாள் நிற்கும்? கிராவல் என்றால் அரித்த இடத்தில் நாலு கூடை மண்ணைக் கொட்டி மிதித்தால் சரியாகிவிடும், நூறு நாள் வேலைக்காரர்களே செய்துவிடுவார்கள்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்து தோ காயல் வரைக்கும் 240 கிலோமீட்டர் ஓடுகிறது கனால் து மிதி என்ற கால்வாய். 1681-ல் திறந்தது, 1996-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் படகைக் கயிறு கட்டி இழுக்கக் குதிரைகள் கரையில் நடந்த தடத்தில்தான் இன்றைக்கு சைக்கிள் ஓடுகிறது. துலூஸை ஒட்டி ஐம்பது கிலோமீட்டர் போலத்தான் தார், அதற்கப்புறம் பெரும்பகுதி மண்ணும் சரளையும்தான், வேர் தட்டும், குலுங்கும், ஆனாலும் ஊர் ஊராகத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கார் பயமில்லாமல் குடும்பத்தோடு போகிறார்கள். கடைசியில் சிப்பி வளர்க்கும் காயல் வருகிறது. அங்கிருந்து கிழக்கே ரோன் ஆற்றுப் பக்கம் போகும் இன்னொரு கால்வாய் கடலோரக் காயல்களுக்கு நடுவிலேயே போகிறது, பூநாரைகளும் உப்பளங்களும் அங்கேயும் உண்டு.

திராட்சை நம்மிடம் இல்லை, அது வைகை பிறக்கிற தேனிப் பக்கம், கம்பத்தில். நம்மிடம் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் இருக்கிறது, பனை இருக்கிறது, வாலிநோக்கம் உப்பு இருக்கிறது. மாசி பங்குனியில் மிளகாய்ப் பழம் காய்கிற களத்து ஓரமாக சைக்கிளில் போகிற சுகத்துக்கு எந்தத் திராட்சைத் தோட்டமும் ஈடில்லை என்று நான் நிஜமாகவே நம்புகிறேன். பூநாரைக்கும் பஞ்சமில்லை, 2025-ல் தனுஷ்கோடியில் அவற்றுக்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள்.

கனால் து மிதியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. கரை நெடுக நிழலுக்கு ஏறத்தாழ 42,000 பிளேன் மரங்கள் நின்றன. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலிருந்து ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ள வேண்டியதாகிவிட்டது. ஒரே இனத்தை வரிசையாக நட்டால் அதுதான் கதி. இங்கே நிழலில்லாமல் பத்து மணிக்கு மேல் சைக்கிள் ஓட்ட முடியாது, அதனால் மரம் கட்டாயம் வேண்டும், ஆனால் கலந்து நடுங்கள். கரையில் பனை, கரைக்கு வெளியே வேம்பு, புங்கை, பூவரசு.

மரம் என்றதும் முள் ஞாபகம் வருகிறது. நம் பக்கம் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல். செருப்பைத் துளைத்துக் காலில் ஏறுகிற முள் டியூபை விட்டுவைக்குமா? கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தில் சுத்தம் செய்த கரைகள்கூட இரண்டு மழைக்குள் பழையபடி மூடிக்கொண்டன, ஏனென்றால் மேலே வெட்டினார்கள், வேரைத் தோண்டவில்லை. தினமும் ஆள் நடமாட்டமும் சைக்கிளும் இருக்கிற கரையில் முளைவிடும்போதே யாராவது பார்ப்பார்கள், பிடுங்கச் சொல்லிக் கேட்பார்கள். இதற்காகவே இந்தப் பாதை வேண்டும் என்பேன்.

அடுத்தது கலுங்கு, அதாவது கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். கரை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கலுங்கு வரும் இடத்தில் தடம் அறுந்துவிடும், கண்மாய் மறுகால் போகும்போது அதில் இறங்கக் கூடாது, இறங்கவும் முடியாது. அங்கே சைக்கிளை உருட்டிப் போகிற அகலத்துக்கு ஒரு நடைபாலம் போட்டால் போதும். மொத்தச் செலவில் பெரிய செலவு இந்தச் சின்னப் பாலங்களாகத்தான் இருக்கும். இதைச் செய்யாமல் கிராவல் மட்டும் கொட்டினால் ஊருக்கு ஊர் முட்டுச்சந்துதான் மிஞ்சும்.

எல்லாக் கரையிலும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் நான்கும் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிற பறவைக் கண்மாய்கள். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் அங்கே கூடு கட்டுகிற காலத்தில் கரையில் ஒரு மனிதரும் போகக் கூடாது, சைக்கிளாக இருந்தாலும் சரி. அந்த மாதங்களில் பாதை ஆயக்கட்டு வயல் பக்கமாகச் சுற்றிப் போகட்டும். விவசாயிகளின் டிராக்டரையும் மாட்டையும் ஆட்டையும் தடுக்கவும் வேண்டாம், கரை அவர்களுடையது, அறுவடைக்கு வழி விட்டுத்தான் கல் நட வேண்டும்.

பெரிய கண்மாய்க் கரை நீர்வளத் துறையின் பொறுப்பு, சின்னக் கண்மாய் ஊராட்சி ஒன்றியம், சரணாலயம் வனத் துறை, உப்பளம் வேறு ஆள். இத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க மாவட்ட ஆட்சியரால்தான் முடியும். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்றால் அதற்கு மாவட்ட நிர்வாகம் பின்னால் நின்றது ஒரு பெரிய காரணம். சுற்றுலாப் பயணிகள் பிறகு வரட்டும், வந்தால் பனங்கிழங்கும் பதநீரும் விற்கும். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளும் களை எடுக்கப் போகிற அக்காக்களும் அதில் போக வேண்டும்.

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று அதன் பெரிசைச் சொல்வோமே, அந்த ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயின் கரையிலேயே தொடங்கலாம், அங்கிருந்து கடல் பக்கம் உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் தடம் பிடிக்கலாம். புரட்டாசிக்குள் கிராவல் அடித்து உருட்டிவிட்டால் ஐப்பசி மழையில் நன்றாக இறுகிவிடும், தள்ளிப் போட்டால் கண்மாய் பெருகிவிடும், அப்புறம் கரையில் வண்டி ஏற்ற முடியாது, அடுத்த கோடைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் ஒரு வாசகர்,
தேவிபட்டினம்.