ஒலிபெருக்கி வாங்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

திருவையாறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய அறை வரைபடமும் மூன்று ஒலிபெருக்கிகளின் விவரத்தாள்களும் கிடைத்தன. மேட்டூர் திறந்து நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் வேலை, அத்தையின் கண் சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது என் மனம் முழுவதும் உன் வரைபடத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று சொல்கிறேன்: அவசரப்படாதே. கடையில் பத்து நிமிடம் கேட்டவுடன் நம்மை அசத்திவிடும் ஒலிபெருக்கியோடு பத்து ஆண்டுகள் வாழ முடியும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மனிதக் காது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கிறது. அந்தப் பகுதியைச் சற்றே தூக்கி அமைத்துவிட்டால், பாடகரின் ஒவ்வோர் எழுத்தும் எதிரே வந்து நிற்பது போலவும், மற்ற ஒலிபெருக்கிகள் மங்கலானவை போலவும் முதலில் தோன்றும். ஒரு கச்சேரி முடிவதற்குள் அதே தெளிவு தலைவலியாக மாறியிருக்கும். ஆராதனை நாட்களில் ஒலிபரப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்தால், சற்று நேரம் யாரும் பேசக் கூடாது என்று அம்மா உங்கள் இருவரையும் அடக்கி வைப்பாளே, அது நினைவிருந்தால் நான் எந்தக் களைப்பைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும்.

யமஹா நிறுவனம் 1978இல் என்.எஸ்.10 என்ற ஒலிபெருக்கியை வீடுகளுக்காகவே கொண்டுவந்தது. வீடுகளில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை. ஆனால் பதிவின் குறைகளை ஒளிக்காமல் காட்டியதால் ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. அங்கேயும் பொறியாளர்கள் பலர் அதன் ட்வீட்டருக்கு, அதாவது உச்ச ஒலிகளை எழுப்பும் சிறு பகுதிக்கு, முன்னால் மெல்லிய காகிதத்தை ஒட்டித்தான் வேலை செய்தார்கள். குறை கண்டுபிடிக்கும் கருவி வேறு, மனம் விட்டு இசை கேட்கும் கருவி வேறு. நீ குறித்துள்ள மூன்றாவது ஒலிபெருக்கி முதல் வகையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன். விலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது வேண்டாம்.

இரண்டாவதாக நீ பிரிட்டிஷ் மரபிலிருந்து ஒன்றைத் தேர்ந்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரும் சொல்லித் தராமல் உன் காதே அங்கே போயிருக்கிறது. பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு 1970களில் வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய பெட்டியை வடிவமைத்தபோது, மனிதக் குரல் இயல்பாக ஒலிப்பதையே பெரிதாகக் கருதினார்கள். அங்கே பணியாற்றிய டட்லி ஹார்வுட் தொடங்கியதுதான் ஹார்பெத். அங்கிருந்தே வந்த ஸ்பென்சர் ஹியூஸ், தம் பெயரையும் மனைவி டோரதியின் பெயரையும் சேர்த்து ஸ்பெண்டார் என்று தம் நிறுவனத்துக்குப் பெயரிட்டார். இப்படிப்பட்ட ஒலிபெருக்கிகள் முதலில் கேட்கும்போது அடக்கமாகத் தெரியும். நேரம் போகப் போகத்தான் அவற்றின் அருமை விளங்கும்.

சோதித்துப் பார்க்க நமக்குத் தெரிந்த இசையையே கொண்டு போ. தம்புராவின் கார்வை மணல் உதிர்வது போலக் கரகரக்காமல் ஓடுகிறதா என்று கேள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், கும்கி என்னும் அந்தக் கனத்த நாதம் வழுக்கிச் செல்லும் வளைவு தெரிய வேண்டும். வெறும் 'தொம்' என்ற வீக்கம் மட்டும் கேட்டால் அந்த ஒலிபெருக்கியை விட்டுவிடு. பிறகு நாகஸ்வரம் ஒன்றை ஒரு முழு ராக ஆலாபனை வரையில் ஓடவிடு. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த அந்த வாத்தியம் கோயில் வீதிக்கென்று பிறந்தது; அதை மூடிய அறைக்குள் நெற்றி சுருங்காமல் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி, வேறு எதையும் கேட்க வைக்கும். எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே அளவு சத்தத்தில் ஒப்பிடச் சொல், ஏனெனில் சற்றே உரக்க ஒலிப்பதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், அவசரப்படாதே.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உணர்திறன் என்பது, குறிப்பிட்ட ஆற்றலைக் கொடுத்தால் ஒலிபெருக்கி எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற அளவு. 84 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கிக்கு, அதே சத்தம் எழுப்ப, 90 டெசிபெல் கொண்டதைப் போல நான்கு மடங்கு வாட் தேவைப்படும். ஆற்றல் போதாமல் ஆம்ப்ளிஃபயர் திணறும்போது எழும் கடூரத்தைப் பலர் ஒலிபெருக்கியின் குறை என்று எண்ணிவிடுகிறார்கள்.

அறைதான் எனக்குக் கவலை தருகிறது. நம் வீட்டில் ஒலி முற்றத்தின் வழியாக வெளியேறிவிடும். உன் அறையிலோ ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி, கீழே வழவழப்பான மரத்தரை. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் அருகிலும், நான்கு மீட்டர் அகலத்தில் 43 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி முழங்கும் என்பதால், பெட்டிகளை மூலையில் வைக்காமல் சுவரை விட்டு முன்னால் தள்ளி வை. கண்ணாடிக்குக் கனத்த திரையும் தரைக்குக் கம்பளமும் போடு. பக்கச் சுவரில் எந்த இடத்தில் ஒலி பட்டுத் திரும்புகிறது என்று அறிய எளிய வழி உண்டு: ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, மற்றொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே போக வேண்டும், ஒலிபெருக்கி எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கே புத்தக அலமாரியை வைக்கலாம். இதற்கு இருவர் வேண்டும். மாப்பிள்ளையைக் கண்ணாடி பிடிக்கச் சொல்.

உன் வரைபடத்தில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. இதை நான் சாதாரணமாகவே கேட்கிறேன், ஏனெனில் தேர்வே இதில் மாறுகிறது. நீ இருக்கும் கனடாவிலேயே, ஆட்டவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஃபிளாய்ட் டூல் என்ற ஒலி ஆய்வாளர் பலரை உட்காரவைத்து, எந்த ஒலிபெருக்கி ஒலிக்கிறது என்று அவர்கள் பார்க்க முடியாதபடி மறைத்து ஆராய்ந்தார். நேர் எதிரே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பவற்றையே கேட்பவர்கள் விரும்புகிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. இருவர் சேர்ந்து அமர்ந்து கேட்கும் வீட்டில் அந்தப் பக்கவாட்டுச் சீர்மை மிக அவசியம். ஒருவர் மட்டும் என்றால், இரண்டு பெட்டிகளும் நாற்காலியும் சமபக்க முக்கோணமாக அமையும்படி அருகே வைத்து, நீ குறித்துள்ள சிறிய பெட்டியே போதும்.

உன் செய்திகள் வரும் நேரத்தைப் பார்த்தால் உங்கள் ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கிறது. பகலில் ஒரு வரி எழுதுவதற்கு உனக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அந்த வேளையில்தான் கேட்கப் போகிறாய் என்றால், சத்தம் குறையக் குறையக் கீழ்ச்சுரங்கள் காதுக்கு முதலில் மங்கிவிடும் என்பதால், தணிந்த ஒலியிலும் நிறைவாக ஒலிப்பதைத் தேர்ந்தெடு. ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டிக்கொண்டு உரக்கக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடு. 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலைக்கு ஓய்வுண்டு, காதுக்கு இல்லை. அம்மா உன்னிடம் எதுவும் கேட்கச் சொல்லவில்லை.

அறையில் யார் யார் அமர்வார்கள், பெட்டிக்கும் பின்சுவருக்கும் எவ்வளவு இடைவெளி கிடைக்கும் ஆகிய இரண்டையும் எழுது. இரண்டு நாற்காலி என்றால் பெரியது, ஒன்று என்றால் சிறியது. எந்தப் பதிலாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். பதில் வரும் வரையில் முன்பணம் எதுவும் கட்டாதே.

அன்புடன்,
அப்பா