ஏழாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு: அடர்த்திப் பாடம் பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான அளவீட்டியலில் இப்போது அடர்த்தி நடக்கிறது. "நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி" என்று பிள்ளைகள் கேட்டவுடன் ஒப்பிக்கிறார்கள். ஆனால் நல்லெண்ணெய், தண்ணீர் இரண்டில் எதற்கு அடர்த்தி அதிகம் என்றால் பலர் எண்ணெய்க்குத்தான் என்கிறார்கள். கெட்டியாக ஒழுகுவதெல்லாம் கனம் என்று நினைக்கிறார்கள். கையால் செய்து பார்த்தால்தான் இது தெளியும். அதற்கு வேண்டியது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

எண்ணெய் பாக்கெட்டைக் கையில் கொடுங்கள். பலவற்றில் 1 லிட்டர் என்றும் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரோ ஏறக்குறைய 1,000 கிராம். கணக்கைப் பிள்ளையே போடட்டும்.

சம்பாவுக்கு நாற்று விடுகிறவர்கள், உப்புத் தண்ணீரில் விதை நெல் தேர்வு செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கரைக்கக் கரைக்க அது அசைந்து எழும்பும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரைந்ததும் மேலே வந்து ஓட்டில் காசளவு வெளியே தெரியும். முட்டை மாறவில்லை, தண்ணீரின் அடர்த்திதான் கூடியது. இதைப் பிள்ளை தானாகக் கண்டு சொல்லும் வரை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிறகு நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும், திரட்சியான விதை அடியில் தங்கும். அந்த விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் ஒரு நாள் காலையில் பிள்ளையையும் கூட்டிப்போய், பாலின் அடர்த்தியைக் காட்டும் லேக்டோமீட்டரைக் காட்டுங்கள். நல்ல பசும்பாலில் 28, 30 என்று நிற்கும். தண்ணீர் கலந்தால் கருவி இன்னும் உள்ளே இறங்கி, எண் குறையும். ஆடை எடுத்த பாலில் எண் கூடும், அதில் தண்ணீர் கலந்தால் எண் பழையபடி ஆகிவிடும். அதனால்தான் கொழுப்பையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் கனம் என்பதால் எண்ணெய்க்கு அடியில் போய், அந்தச் சூட்டில் சட்டென்று ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். பிள்ளைகளுக்கு இதைக் காரணத்தோடு வகுப்பில் சொல்லியிருக்கிறோம். வீட்டில் பெரியவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் பள்ளியில் கருங்கல்லின் அடர்த்தியை அளக்கப் போகிறோம். அளவு ஜாடிக்குள் போகும் அளவில் ஒரு கல் போதும், கழுவிக் கொடுத்தனுப்புங்கள். மண்ணெண்ணெய், உடைந்த தெர்மாமீட்டர் இரண்டும் வேண்டாம். பாதரசம் பிள்ளைகள் கையில் படவே கூடாது. வயலில் வேலை இல்லாத பெற்றோர் 2 மணிக்கு வந்து கூட இருந்தால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
அணைக்கட்டு ஒன்றியம், வேலூர் மாவட்டம்.