படம் பாத்து ஒட்டறவங்களா நாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஸ்டாம்ப் சேகரிப்பு பத்தி வந்த கட்டுரையில ஒரு வரி தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. நாடு வாரியா சேக்கறவங்கதான் நிஜமான சேகரிப்பாளர்களாம், சைக்கிள், விளையாட்டுன்னு தீம் வச்சு சேக்கறவங்க சும்மா படம் பாத்து ஒட்டறவங்களாம். எழுதினவர் மேல கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்ல, ஆனா நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தானே அச்சுக்கு அனுப்பறீங்க, தென்னாப்பிரிக்காவுல இருக்கற மேஃபெக்கிங் ஊரோட ஸ்டாம்ப் உங்களுக்குத் தெரியாததா?

1900ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் அங்க குடியேறின டச்சு வழி வந்த போயர்களுக்கும் போர் நடந்தப்போ முற்றுகையில மாட்டின அந்த ஊருக்குள்ளயே அச்சடிச்ச ஒரு பென்னி ஸ்டாம்ப்ல ராணி தலை இல்ல, சைக்கிளோட இருக்கற ஒரு பையன், சிறுவர்களோட கேடட் படையில சார்ஜன்ட் மேஜரா இருந்த குட்இயர். ஊருக்குள்ள கடிதம் கொண்டு போனது அந்தப் பசங்கதான். அதுக்கு முன்னாடியே 1894ல அமெரிக்காவுல ரயில் ஸ்ட்ரைக் வந்து தபால் நின்னு போனப்போ ஃபிரெஸ்னோவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நடுவுல ஆள் மாத்தி ஆள் சைக்கிள் மிதிச்சு கடிதம் சேத்தாங்க, அதுக்குன்னு 25 சென்ட்ல தனி ஸ்டாம்ப் போட்டாங்க, அவசரத்துல ஊர் பேரையே எழுத்துப் பிழையோட அடிச்சுட்டாங்க. கூடுதல் காசு கட்டினா கடிதத்தை உடனே கொண்டு போய்க் குடுக்கற அமெரிக்க ஸ்பெஷல் டெலிவரிக்கு வந்த ஸ்டாம்பை வரிசையா வச்சுப் பாருங்க சார், 1885ல ஓடற பையன், 1902ல சைக்கிள்ல போற பையன், 1922ல வாசல்ல மோட்டார் சைக்கிள். சைக்கிள் இதுல அலங்காரத்துக்கு வந்த படம் இல்ல, தபாலை சுமந்ததே அதுதான்.

விளையாட்டு பக்கம் வந்தா 1896 கிரீஸ் ஒலிம்பிக் செட், மொத்தம் 12 ஸ்டாம்ப், வித்த பணம் போட்டிச் செலவுக்கே உதவிச்சு. அந்த ஒலிம்பிக்ல சைக்கிள் ரேஸ் நடந்துச்சு, ஆனா அந்த 12ல ஒண்ணுலயும் சைக்கிள் கிடையாது, பழங்கால குத்துச்சண்டைக்காரங்க, வட்டு எறியறவன், தேர்னு வச்சுட்டாங்க. இருந்தும் என் ஆல்பத்துல அந்த செட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கேன். படம் மட்டும் பாக்கறவன் அப்படி ஒதுக்குவானா?

இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. ஒரு கண்காட்சியில நடுவரா வந்தவர் என் பக்கங்களை நின்னு கூட பாக்காம "ஓ, ஸ்போர்ட்ஸா"ன்னு சொல்லிட்டு நகந்துட்டார், இன்னும் மறக்கல. விக்கறவங்களும் நம்மள அப்படித்தான் நினைக்கறாங்க. ஒரு தடவை ஒலிம்பிக் பாக்கெட்டுன்னு வாங்கிப் பிரிச்சா ஷார்ஜா, அஜ்மான், ஃபுஜைரான்னு வளைகுடாவுல இருக்கற குட்டி அரசுங்க பேர்ல 1960கள் கடைசியில வந்த கலர் கலரான செட்டுங்க, எல்லாத்துலயும் மூலையில அளந்து வச்ச மாதிரி கால்வட்ட முத்திரை, ட்வீசர்ல திருப்பிப் பாத்தா பின்னாடி பசை அப்படியே பளபளன்னு இருக்கு. எந்தக் கவர்லயும் ஏறாமலே முத்திரை வாங்கின ஸ்டாம்ப் அது, இதைப் பிரிச்சுப் பாக்க கத்துக்கிட்டதெல்லாம் படம் பாத்தா வரும்?

உங்க பத்திரிகையிலயே முன்னாடி ஒரு தடவை ஸ்டாம்பை தண்ணியில ஊற வச்சா தானா பிரியும்னு போட்டிருந்தீங்க, இப்போ வர பல செல்ஃப் அட்ஹெசிவ் ஸ்டாம்ப் தண்ணியில பிரியவே பிரியாது, அதை நம்பி கிழிச்சுக்கிட்ட புதுசா சேக்கற பசங்களை எனக்குத் தெரியும். அப்பவே எழுதினேன், பதில் வரல, அதையும் பொறுத்துக்கிட்டேன்.

மறுப்பு போடுங்கன்னு கேக்கல. ஸ்டாம்ப் படம் போடறப்போ சுத்தியும் இருக்கற பல்லு மாதிரியான ஓரத்தை வெட்டாம முழுசா போடுங்க, கீழ நாடும் வருஷமும் சின்ன எழுத்துல குடுங்க, அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்