ஒரு மதியம் போதாது மீவட்ன் ஏரிக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில், ஐஸ்லாந்தை ஏழே நாளில் காரில் சுற்றி வருவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகவே எழுதியிருந்தார்கள், படங்களும் அருமை. ஆனால் அந்தத் திட்டத்தில் வடக்கே இருக்கும் மீவட்ன் ஏரிக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு மதியம். அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஜூன் கடைசியில் நானும் என் மனைவியும் போனபோது எங்களுடையதும் இதே திட்டம்தான். 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் வட்டச் சாலை, தினமும் ஓர் ஊர், தினமும் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும். வழியில் கோடாஃபோஸ் அருவியில் நேரம் போனது தெரியவில்லை, மீவட்ன் பக்கத்தில் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதிக்குப் போய்ச் சேர இரவு பதினொன்றாகிவிட்டது. வெளிச்சம் மட்டும் சாயங்காலம் போல அப்படியே நின்றது. வீட்டுக்கார அம்மா தூங்காமல் காத்திருந்தார். அடுப்பில் ஆட்டுக்கறி சூப். மனைவி அசைவம் சாப்பிட மாட்டார் என்று மின்னஞ்சலில் ஒரு வரி எழுதியிருந்தேன், அதை மறக்காமல் உருளைக்கிழங்கும் காளானும் தனியே சமைத்து மூடி வைத்திருந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தபோது, சொந்தக்காரர் வீட்டுக்கு லேட்டாக வந்து சேர்ந்த மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை கிளம்ப வேண்டியவர்கள் மூன்று இரவு தங்கினோம். அடுத்த ஊரில் கட்டிய முன்பணம் போனது, போகட்டும்.

அங்கே நிலமே அடுப்பு. மாவைத் தகர டப்பாவில் போட்டு, ஆவி கிளம்பும் சூடான மண்ணில் புதைத்து, கிட்டத்தட்ட ஒரு நாள் விட்டுவிடுகிறார்கள். அந்த அம்மா எங்களையும் கூட்டிப்போய் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார். மூடியைத் திறந்தால் கருப்பட்டி நிறத்தில் கம்பு ரொட்டி மாதிரி ஒன்று, ரை என்ற தானியத்தில் செய்தது, ஈரப்பதமாக, லேசான இனிப்போடு. சூடாக இருக்கும்போதே வெண்ணெய் தடவிச் சாப்பிட வேண்டும். அதன்மேல் வைத்துச் சாப்பிடும் ஏரி மீனைக் காய்ந்த ஆட்டு எருவின் புகையில்தான் பக்குவம் செய்கிறார்கள். வறட்டி அடுப்பில் சமைத்த என் பாட்டியைப் பற்றிச் சொன்னேன், அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று, அவர்களுக்கும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கிடையாது. தன் பெயர், கூடவே அப்பா பெயர், அவ்வளவுதான். தொலைபேசிப் பட்டியலில்கூடச் சொந்தப் பெயரை வைத்துத்தான் அகர வரிசை. என் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியலை விளக்க வேண்டிய அவசியமே வராத ஒரே வெளிநாடு எனக்கு அதுதான்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். ஏரியிலிருந்து கிளம்பும் லாக்சா ஆற்றில் மின்சாரத்துக்காகப் பெரிய அணை கட்டிப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க அந்தக் காலத்தில் திட்டம் போட்டிருந்தார்களாம். 1970 ஆகஸ்ட் 25 அன்று இந்தச் சுற்றுவட்டார விவசாயிகள் திரண்டு போய், ஆற்றின் ஒரு கிளையில் ஏற்கெனவே இருந்த சிறிய அணையை டைனமைட் வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பெரிய திட்டம் கைவிடப்பட்டது, 1974-இல் ஏரியையும் ஆற்றையும் பாதுகாக்கத் தனிச் சட்டமே வந்தது. அப்போது அவருக்குப் பத்து வயதாம், பெரியவர்கள் வீடு திரும்பும்வரை தூங்கவில்லையாம். அடுத்த நாள் ஏரிக்கரையில் வாத்துக் கூட்டத்தைப் பார்த்தபோது அந்த ஏரியே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இதெல்லாம் மதியம் ஒரு மணிக்கு வந்து மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு எப்படிக் கிடைக்கும்?

சரி, போகிறவர்களுக்கு அந்தக் கட்டுரையில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம், பூமிக்குள்ளிருந்து வரும் கந்தகம் அது. குழாயில் வரும் குளிர்ந்த நீரைத் தாராளமாகக் குடிக்கலாம். மீவட்ன் என்றாலே கொசு போன்ற சின்னப் பூச்சிகளின் ஏரி என்று அர்த்தம், கோடையில் அவை மேகம் மாதிரி மொய்க்கும், பெரும்பாலானவை கடிக்காது, ஆனாலும் முகத்துக்கு ஒரு வலை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு என்ன வேண்டும், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதை முன்னாலேயே எழுதிவிடுங்கள். தாமதமானால் ஒரு போன் செய்துவிடுங்கள், நாங்கள் செய்யாமல் விட்டது அது, இன்றும் உறுத்துகிறது. ஆட்டு மந்தையையும் பார்த்துக்கொண்டு விடுதியையும் நடத்தும் குடும்பம், விடிகாலையில் எழ வேண்டியவர்கள். அப்புறம், படம் எடுப்பதற்காகக் காரைச் சாலையை விட்டுப் பாசி மேல் ஏற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அந்தச் சக்கரத் தடம் மறையப் பல வருடம் ஆகும்.

அடுத்த முறை ஐஸ்லாந்து பற்றி எழுதும்போது, ஒரே வீட்டில் மூன்று இரவு தங்குகிற மாதிரி ஒரு திட்டத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். வட்டம் முழுவதும் சுற்றாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்